மாவு மூட்டைக்கு உயிர் கொடுத்தவர்கள்: கேரக்டர் அனிமேட்டர்கள் தொழில் கற்ற கதை



"அனிமேஷன் கத்துக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" இந்தக் கேள்வியை இன்னைக்கு யார் கேட்டாலும் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. பிளெண்டர் மென்பொருள் இலவசம். யூடியூபில் பாடங்கள் கொட்டிக் கிடக்கு. நடக்க வைக்க, ஓட வைக்கத் தயாரா இருக்கிற முப்பரிமாண பொம்மைகளையும் காசில்லாமலே டவுன்லோடு பண்ணிக்கலாம். ஆனாலும் ஆறு மாசம் உட்கார்ந்து பாடம் பார்த்த ஒருத்தர், "பொம்மை நகருது, ஆனா உயிர் இல்லையே"ன்னு சொல்றதை அடிக்கடி கேட்கிறோம்.

இப்போ ஒரு தொண்ணூறு வருஷம் பின்னாடி போவோம். 1932. கேரக்டர் அனிமேஷனுக்கென்று பள்ளிக்கூடம் இல்லை, பாடத்திட்டம் இல்லை. இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் கிடைப்பதே அரிது. அங்கிருந்து ஐந்தே வருடத்தில், ஒரு குள்ளன் அழுதால் திரையரங்கமே சேர்ந்து அழும் அளவுக்குச் சிலர் கற்றுக்கொண்டார்கள். எப்படிக் கற்றார்கள், யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள், அந்த அறிவு எப்படி நம்ம கைக்கு வந்தது? இதுதான் இன்றைய கதை.

நகர்வது வேறு, நடிப்பது வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடுவோம். படம் நகர்வதுதான் அனிமேஷன். கேரக்டர் அனிமேஷன் என்பது அதுக்கு மேல ஒரு படி. அந்த உருவம் யோசிக்கிறதுன்னு பார்க்கிறவர் நம்பணும்.

இதுக்குச் சுலபமான உதாரணம், 1933-ல் டிஸ்னி ஸ்டுடியோ வெளியிட்ட 'மூன்று பன்றிக்குட்டிகள்' குறும்படம். மூன்று குட்டிகளும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு குட்டிகள் விளையாட்டுப் பிள்ளைகள், மூன்றாவது பொறுப்பானவன் என்பது அவர்கள் நிற்பதிலும் நடப்பதிலுமே தெரிந்துவிடும். அடுத்த வருடம் வந்த ஒரு மிக்கி மவுஸ் படத்தில் புளூட்டோ நாய் ஈ ஒட்டும் காகிதத்தில் மாட்டிக்கொள்ளும். அதை வரைந்தவர் நார்ம் பெர்குசன். அவருடைய கோடுகள் கரடுமுரடானவை. ஆனால் அந்த நாய் காகிதத்தைப் பார்க்கும், யோசிக்கும், ஒரு வழியை முயன்று பார்க்கும், தோற்கும், மறுபடி யோசிக்கும். நாயின் மண்டைக்குள் நடப்பது நமக்குத் தெரியும். ஸ்டுடியோவில் இருந்த மற்றவர்கள் அந்தக் காட்சியைப் பாடமாகவே எடுத்துப் படித்தார்கள்.

ஒரு வீட்டில் தொடங்கிய வகுப்பு

லாஸ் ஏஞ்சலிஸில் ஷூனார்ட் ஓவியப் பள்ளி என்று ஒன்று இருந்தது. நெல்பர்ட் ஷூனார்ட் என்ற பெண்மணி 1921-ல் தொடங்கியது. வால்ட் டிஸ்னி கையில் பணம் இல்லாத காலத்திலேயே, தன் ஆட்களுக்கு இரவு வகுப்பு வேண்டும் என்று அவரிடம் போய்க் கேட்டார். பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நெல்பர்ட் சம்மதித்தார். வகுப்பு நாளில் டிஸ்னியே தன் காரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவாராம்.

1932-ல் ஸ்டுடியோவில் சேர்ந்திருந்த ஆர்ட் பாபிட் என்ற இளைஞர், தன் வீட்டிலேயே மாடலை நிறுத்தி உடல் வரையும் வகுப்பைத் தொடங்கினார். முதல் வாரம் சிலர் வந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் அதிகம் பேர். விஷயம் டிஸ்னியின் காதுக்குப் போனது. ஸ்டுடியோ ஆட்கள் ஒரு தனியார் வீட்டில் நிர்வாண மாடலை வரைகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தால் மானம் போய்விடும் என்று அவருக்குப் பயம். வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்டுடியோ ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நடத்துங்கள், செலவு என்னுடையது என்றார். 1932 நவம்பரில் வகுப்பு அங்கே மாறியது. ஷூனார்ட் பள்ளியில் இருந்து டான் கிரஹாம் என்ற ஆசிரியர் வந்து சேர்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, கிரஹாம் ஓவிய ஆசிரியர்தான், அனிமேட்டர் கிடையாது. அவருக்கு உடல் அமைப்பு தெரியும், எடை எங்கே விழுகிறது என்று தெரியும். மாணவர்களுக்கோ மிக்கி மவுஸை ஓட வைக்கத் தெரியும். ஆக, ரெண்டு பக்கமும் கத்துக்க வேண்டியிருந்தது. ஒரு கேரக்டர் ஏன் ரப்பர் மாதிரி வளைகிறது, ஒரு அடி எடுத்து வைக்கும்போது இடுப்பு என்ன செய்கிறது, இதையெல்லாம் ஃபிலிமை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டி, நிறுத்தி, சேர்ந்தே விவாதித்தார்கள். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஓடும் மனிதனின் இரண்டு பாதங்களும் எந்த ஃப்ரேமில் தரையில் இல்லை என்று எண்ணிப் பார்ப்பதுதான் பாடம்.

தோல்விகளும் இருந்தன. 1934-ல் வந்த 'வசந்த தேவதை' குறும்படத்தில் நிஜப் பெண் போல ஒரு உருவத்தை ஆட வைத்தார்கள். கை கால்களில் எலும்பே இல்லாத மாதிரி வந்தது. இந்த நிலையில் ஒரு இளவரசியை வைத்து முழுநீளப் படம் எடுக்க முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்தது. 1935 டிசம்பரில் டிஸ்னி, கிரஹாமுக்கு நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். என்னென்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற முழுப் பாடத்திட்டமே அதில் இருந்தது. நிஜத்தை அப்படியே நகல் எடுப்பது கார்ட்டூனின் வேலை இல்லை. ஆனால் நிஜம் தெரியாதவனால் அதை மிகைப்படுத்தவும் முடியாது. அந்தக் குறிப்பின் சாரம் இதுதான்.

பாபிட்டும் தன் பங்குக்குக் கூஃபி என்ற கேரக்டரைப் பற்றி ஒரு உரை தயாரித்தார். கூஃபி எப்படி நிற்பான், எப்படி நடப்பான் என்பதைக் கோடுகளில் இருந்து தொடங்காமல், அவன் மூளை எப்படி வேலை செய்யும் என்பதில் இருந்து தொடங்கினார். ஒரு கார்ட்டூன் கேரக்டரை நடிகன் தன் வேஷத்தைப் படிக்கிற மாதிரி படிக்கலாம் என்பது அப்போது புதுசு.

வேர்க்க வைக்கும் அறை

வகுப்பைவிட அதிகம் கற்றுக்கொடுத்த இடம் ஒன்று உண்டு. பழைய ஸ்டுடியோவில் காற்றோட்டம் இல்லாத ஒரு சின்னத் திரையிடும் அறை. அதுக்குச் செல்லப் பெயர் 'ஸ்வெட்பாக்ஸ்'. புழுக்கத்தில் வேர்க்கும். திட்டு வாங்கினாலும் வேர்க்கும்!

நடைமுறை இதுதான். அனிமேட்டர் முக்கியமான படங்களை வரைவார், உதவியாளர்கள் இடைப்பட்ட படங்களைப் போடுவார்கள். மை போடுவதற்கு முன், பென்சில் படங்களையே மலிவான ஃபிலிமில் எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். இதுதான் பென்சில் டெஸ்ட். அதைத்தான் அந்த அறையில் எல்லார் முன்னாலும் போடுவார்கள். "இவன் ஏன் இப்போ திரும்பினான்?" என்று கேள்வி வரும். பதில் இல்லையென்றால் திரும்பப் போய் வரையணும்.

புதிதாகச் சேர்ந்தவர் நேராக அனிமேட்டர் ஆகிவிட முடியாது. இடைப்படங்கள் வரைந்து வரைந்து, மூத்தவரின் இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கை வழியாகப் படிப்பார். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆகிற மாதிரிதான்.

1937 டிசம்பரில் 'ஸ்னோ ஒயிட்' திரைக்கு வந்தது. 1932-ல் ஒரு வீட்டில் தொடங்கிய வகுப்பின் பலன் அதில் தெரிந்தது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் முழுசா இருக்காது.

1938-ல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு டிஸ்னி ஸ்டுடியோ அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. படைப்பு வேலை முழுவதையும் இளைஞர்களே செய்கிறார்கள், அதனால் பயிற்சிப் பள்ளிக்குப் பெண்களை எடுத்துக்கொள்வதில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. பெண்களுக்கு இருந்த வேலை, ஆண்கள் வரைந்த படங்களைக் கண்ணாடித் தாளில் மையால் நகல் எடுப்பதும் வண்ணம் பூசுவதும். கவனிச்சீங்களா? "உனக்குத் திறமை இல்லை" என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. திறமை வளரும் இடத்துக்கே வராதே என்கிறது.

ஷூனார்ட் பள்ளியில் படித்த ரெட்டா ஸ்காட், 'பாம்பி' படத்தில் மானைத் துரத்தும் வேட்டை நாய்களை வரைந்தார். 1942-ல் அந்தப் படம் வந்தபோது, டிஸ்னி படத்தில் அனிமேட்டராகப் பெயர் போடப்பட்ட முதல் பெண் ஆனார். அந்த நாய்க்கூட்டத்தின் வெறியைப் பார்த்தால், கதவு மூடியிருந்ததால் இன்னும் எத்தனை பேரை இழந்தோம் என்று தோன்றும்.

1941-ல் இன்னொரு விரிசல். சம்பளம், தொழிற்சங்க உரிமை என்று ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னால் நின்றவர் யார் தெரியுமா? தன் வீட்டில் முதல் வகுப்பை நடத்திய அதே ஆர்ட் பாபிட். அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். வழக்குப் போட்டு வென்று, திரும்பி வந்து, கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியேறினார். இன்னும் பலரும் வெளியே போனார்கள். அவர்களோடு அவர்கள் கற்றதும் மற்ற ஸ்டுடியோக்களுக்குப் பரவியது.

கடையில் கிடைத்த ரகசியம்

அதுவரை இந்த அறிவு பெரும்பாலும் ஸ்டுடியோ சுவர்களுக்குள்தான். 1940-களின் பின்பகுதியில் பிரஸ்டன் பிளேர் அதை வெளியே எடுத்து வந்தார். 'ஃபான்டேசியா' படத்தில் நீர்யானைகளை நடனமாட வைத்தவர். பிறகு எம்ஜிஎம் ஸ்டுடியோவில் வேலை செய்தார். மலிவு விலையில், பெரிய அளவில், அதிகப் பக்கம் இல்லாத ஒரு புத்தகம் போட்டார். நடை, ஓட்டம், முகபாவம், உடல் சாயும் கோடு எல்லாம் படமாகவே இருந்தன. ஹாலிவுட் பக்கமே போக முடியாத ஒரு பையனோ பெண்ணோ முதல்முறையாக அந்தப் பாடங்களைத் தன் மேஜையில் வைத்துப் பார்க்க முடிந்தது. பல தலைமுறை அனிமேட்டர்களின் முதல் குரு அந்தப் புத்தகம்தான்.

நம்ம ஊருக்கு இந்த அறிவு வந்த வழி வேறு. 1956-ல், 'பாம்பி'யில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னி அனிமேட்டர், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் பம்பாய்க்கு வந்தார். மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் இருந்த கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே புத்த ஜாதகக் கதையை வைத்து 1957-ல் 'தி பான்யன் டீர்' என்ற படம் உருவானது. அந்தப் பயிற்சியில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று அழைக்கப்பட்டவர். ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவோடு சேர்ந்து ராமாயணத்தை அனிமேஷன் படமாக எடுத்தவரும் அவரே. ஆசிரியர் ஒருவர் பம்பாய் வரை வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்று திருத்தினார். அதில் இருந்துதான் இங்கே ஒரு தலைமுறை தொடங்கியது.

கிழவர்களைத் தேடிப் போனவர்

1960-களின் கடைசியில் பழைய ஆட்களுக்கு வயதாகிவிட்டது. இவர்கள் போனால் தொழிலும் போய்விடும் என்ற நிலைமை.

லண்டனில் சொந்த ஸ்டுடியோ வைத்திருந்த கனடாக்காரர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். அப்போதே பெயர் வாங்கியவர். 1967-ல் 'ஜங்கிள் புக்' பார்த்தார். அதில் ஷேர்கான் புலியை மில்ட் கால் வரைந்திருந்தார். அந்தப் புலியின் எடையும் அலட்சியமும் தனக்கு வரவே வராது என்று வில்லியம்ஸுக்கு உறைத்தது. நான் நினைத்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியாது என்று முடிவு பண்ணி, தெரிந்தவர்களைத் தேடிப் போனார். வார்னர் ஸ்டுடியோவின் கென் ஹாரிஸைத் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொண்டு, முதலாளியாக இருந்துகொண்டே அவருக்கு மாணவர் ஆனார். 1970-களில் ஆர்ட் பாபிட்டை லண்டனுக்கு வரவழைத்து, தன் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் வகுப்பு எடுக்க வைத்தார். ஆமாம், அதே பாபிட்தான்!

வில்லியம்ஸ் தன் புத்தகத்தில் சொல்லும் ஒரு சம்பவம், பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கும் நமக்குக் கொஞ்சம் சுடும். வேலை செய்யும்போது இசை கேட்பீர்களா என்று மில்ட் காலிடம் கேட்டாராம். மனிதர் கோபத்தில் கத்திவிட்டார். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை யோசிக்கும் அளவுக்குத் தனக்கு மூளை இல்லை என்பதுதான் பதில். வில்லியம்ஸ் அதையே புத்தகத்தின் முதல் பாடமாக வைத்தார். அதனால, வரையப் போறீங்கன்னா எங்களை நிறுத்திட்டே வரையுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு ஏற்பாடு நடந்தது. ஷூனார்ட் பள்ளி ஒரு இசைப் பள்ளியோடு இணைந்து கால்ஆர்ட்ஸ் என்ற கல்லூரியாக மாறியிருந்தது. 1975-ல் அங்கே கேரக்டர் அனிமேஷனுக்கென்றே தனிப் படிப்பு தொடங்கியது. ஓய்வுபெற்ற டிஸ்னிக்காரர்கள் பாடம் எடுத்தார்கள். ஏ113 என்ற வகுப்பறையில் படித்தவர்கள் பின்னாளில் தங்கள் படங்களில் அந்த எண்ணை எங்காவது ஒளித்து வைப்பது வழக்கம் ஆனது. அடுத்தமுறை பிக்ஸார் படம் பார்க்கும்போது தேடிப் பாருங்க.

1978-ல் ஓய்வு பெற்ற ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் ஒரு தடிமனான புத்தகம் வெளியிட்டார்கள். ஸ்டுடியோவில் வாய்வழியாக இருந்த விதிகளை 12 கொள்கைகளாக வரிசைப்படுத்தினார்கள். நசுங்கி நீள்வது, முன்தயாரிப்பு, நேரக்கணக்கு என்று போகும் பட்டியல். முன்தயாரிப்பு என்றால்? ஒருத்தன் குத்துவிடும் முன் கையைப் பின்னால் இழுப்பான் இல்லையா, அதுதான். அந்த இழுப்பு இல்லையென்றால் பார்க்கிறவர் கண் குத்தைத் தவறவிட்டுவிடும்.

அதே புத்தகத்தில்தான் புகழ்பெற்ற மாவு மூட்டைப் பயிற்சியும் இருக்கிறது. பாதி நிரம்பிய மாவு மூட்டை. கண் இல்லை, வாய் இல்லை, கை இல்லை. அதை வைத்துச் சோகம், பெருமை, ஆர்வம், களைப்பு எல்லாம் காட்டணும். முகம் இல்லாதபோது எடையும் சாய்வும் மட்டும்தான் பேச முடியும்.

கணினி வந்தபோது இதெல்லாம் பழசாகிவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. 1986-ல் பிக்ஸார் ஒரு மேஜை விளக்கை நடிக்க வைத்தது. அதுவும் முகமில்லாத உருவம்தான். அடுத்த வருடம் ஜான் லாசெட்டர், பழைய கொள்கைகளை முப்பரிமாணக் கணினி அனிமேஷனில் எப்படிப் பயன்படுத்துவது என்று சிக்ராஃப் மாநாட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கருவி மாறினாலும் பாடம் மாறவில்லை. 2001-ல் வில்லியம்ஸின் 'அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' வந்தது. ஹாரிஸிடமும் பாபிட்டிடமும் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. 2005-ல் 'அனிமேஷன் மென்டர்' என்ற இணையப் பள்ளி தொடங்கி, வேலையில் இருக்கும் அனிமேட்டர்களே மாணவர்களின் வேலையைத் திருத்தும் முறையைக் கொண்டுவந்தது.

நமக்கு இதில் என்ன?

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரியுது. 1932-ல் அவர்களுக்கு இல்லாத பாடங்கள் எல்லாம் இன்று நம்மிடம் இருக்கு. அவர்களிடம் இருந்த ஒன்றுதான் நம்மில் பலரிடம் இல்லை: ஒவ்வொரு வாரமும் நம்ம வேலையைப் போட்டுப் பார்த்து, "இவன் ஏன் இப்போ திரும்பினான்?" என்று கேட்க ஒரு ஆள். அந்த 1938 கடிதம் மறுத்ததும் அந்த அறையைத்தான். வில்லியம்ஸ் கடல் தாண்டி ஆள் கூட்டி வந்ததும், வீக்ஸ் பம்பாய்க்கு வந்து கொடுத்ததும் அதைத்தான். நல்ல இணையப் பள்ளிகள் இன்று காசு வாங்குவதும் பெரும்பாலும் அதற்குத்தான். காசு கட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? பாபிட் செய்ததைச் செய்யலாம். நாலு பேர் போதும், ஒரு ஹால் போதும், சனிக்கிழமை சாயங்காலம் போதும்.

தொடங்குவதற்கு ஒரு பயிற்சி சொல்லி முடிக்கிறோம். இரண்டு நொடி, ஒரு மாவு மூட்டை, ஒரே ஒரு உணர்ச்சி. முதலில் நீங்களே அதை நடித்து போனில் வீடியோ எடுங்க. ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டி, எடை எந்தக் காலில் இருந்து எந்தக் காலுக்கு மாறுதுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் வீடியோவை மூடிட்டு வரையுங்க. அப்படியே நகல் எடுக்காதீங்க, கொஞ்சம் மிகைப்படுத்துங்க. முடிச்சதும் அனிமேஷன் பற்றி எதுவும் தெரியாத இரண்டு பேருக்குக் காட்டுங்க. எதையும் விளக்காம ஒரே கேள்வி கேளுங்க: "இது என்ன நினைக்குது?"

"நல்லா இருக்கு"ன்னு பதில் வந்தா, இன்னொரு தடவை வரையணும். "பாவம், ரொம்ப டயர்டா இருக்கு போல"ன்னு சொன்னா, நீங்க சரியான வழியில போறீங்க.